சாண்டரும் தூசியும்: வீட்டுப் பட்டறைக்கு ஓர் ஏற்பாடு



கார் ஷெட்டிலும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் பால்கனி ஓரத்திலும் மரவேலை செய்கிறவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். எந்த ரம்பம் நல்லது, எந்த டிரில் உழைக்கும் என்று நாம் மணிக்கணக்காகப் பேசுவோம். சாண்டர் என்று வந்தால், வாங்கினோம், உப்புத்தாள் ஒட்டினோம், தேய்த்தோம் என்று முடித்துவிடுவோம். நான் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான். சாண்டர் கிளப்பும் தூசியை எப்படிப் பிடிப்பது, வேலை முடிந்ததும் அந்தச் சாண்டரை எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது என் கட்சி. அதை நிரூபிக்க முயல்கிறேன்.

முதலில் தூசியைப் பார்ப்போம். ரம்பம் அறுத்தால் தூள் காலடியில் குவியும். இழைப்புளி சுருள்சுருளாகச் சீவலை உதிர்க்கும். இரண்டையும் கூட்டி அள்ளிவிடலாம். சாண்டரின் தூசி அப்படிப்பட்டதல்ல. 80, 120, 180, 240 என்று தாளின் எண் ஏற ஏறத் துகள் சிறுத்துக்கொண்டே போகும். 100 மைக்ரான் அளவுள்ள துகள், அதாவது தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே பெரியது, நெஞ்சு உயரத்திலிருந்து ஐந்தாறு நொடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் வேண்டும். 1 மைக்ரான் துகள், காற்றே அசையாத அறையில்கூட, அரை நாள் அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். மின்விசிறி சுழன்றால் அது கீழே இறங்கவே இறங்காது. கண்ணுக்குத் தெரியும் தூளை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் ஆழம்வரை போகும். மாலையில் தேய்த்து, கூட்டிப் பெருக்கிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று நாம் போன பிறகு அந்த அறைக்குள் விளையாட வரும் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கிறது.

இதன் விளைவை உலகம் கண்டுகொண்ட கதை இங்கிலாந்தில் நடந்தது. பக்கிங்காம்ஷையரில் ஹை விக்கம் என்று ஓர் ஊர். சில்டர்ன் குன்றுகளின் பீச் மரத்தை வைத்து நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர். அங்கே காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக இருந்தவர் எஸ்மே ஹாட்ஃபீல்ட். மூக்கறையிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் ஓர் அரிய புற்றுநோய், தன்னிடம் வருகிறவர்களில் நாற்காலித் தொழிலாளிகளுக்கே அதிகம் வருகிறது என்பதை அந்த அம்மையார் கவனித்தார். டொனால்ட் அச்சிசன் முதலிய மருத்துவர்களோடு சேர்ந்து அவர் ஆராய்ந்ததை 1968-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் அது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டு, பாதிக்கப்பட்ட தொழிலாளிகளுக்கு உதவி கிடைக்க வழி பிறந்தது. 1995-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது ஐயமில்லாமல் தெரிந்த பொருள்களுக்கான பிரிவு அது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஹை விக்கம் தொழிலாளி பல பத்தாண்டுகள், நாள்தோறும், தூசி மண்டிய தொழிற்சாலையில் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டூல் செய்கிறவருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் புற்றுநோய் ஒன்றுதான் கேடு என்று நினைக்க வேண்டாம். தேக்கிலும் ஈட்டியிலும் உள்ள குயினோன் வகைச் சேர்மங்கள் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஒவ்வாமையையும் கொண்டுவரும். வாகை மரத்தைத் தேய்த்தவர்களுக்குத் தும்மலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்.டி.எஃப். பலகையில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைடு கலந்த பிசினும் சேர்ந்து வருகிறது. ஏற்கெனவே வீசிங் உள்ளவர் வீட்டில் இருந்தால், ஒரு மேசைப்பலகையைத் தேய்ப்பதே அவருக்குப் போதும்.

எவ்வளவு தூசி அதிகம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரிட்டனில் கடினமரத் தூசிக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம். ஒரு கார் நிற்கும் ஷெட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 40 கன மீட்டர். அப்படியானால் அந்த ஷெட் முழுவதிலும் 120 மில்லிகிராம் தூசி, அதாவது ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு, மிதந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். சாண்டரோடு வரும் சிறு துணிப்பையைத் தட்டிப் பாருங்கள். ஒரு பலகைக்கே எத்தனை கிராம் விழுகிறது என்று தெரியும். அந்தப் பையின் நெசவு வழியாக வெளியே போனது எவ்வளவு என்பது தெரியாது. துணிப்பை பெரிய தூளைத்தான் வைத்துக்கொள்ளும். மெல்லிய தூசியை அது சலித்து நம் முகத்தருகே விடுகிறது.

சரி, வாக்யூம் கிளீனர் இருக்கிறதே, அதன் குழாயைப் பக்கத்தில் பிடித்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. அகல்விளக்கை ஒரு கை தூரத்திலிருந்து ஊதி அணைத்துவிடலாம். உறிஞ்சி அணைக்க வேண்டுமென்றால் உதட்டைச் சுடர்மேலேயே கொண்டுபோக வேண்டும். ஊதும் காற்று ஒரே திசையில் நெடுந்தூரம் பாயும். உறிஞ்சும் வாயோ எல்லாத் திசையிலிருந்தும் காற்றை இழுப்பதால் அதன் வேகம் உடனே கரைந்துவிடும். குழாய் வாயிலிருந்து அதன் விட்டம் அளவு தள்ளிப் போனாலே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். உங்கள் குழாய் 32 மில்லிமீட்டர் என்றால், வாயிலிருந்து 32 மில்லிமீட்டர் தூரத்தில் கதை முடிந்தது. ஆகவே தூசியை அது பிறக்கும் இடத்திலேயே, உப்புத்தாளின் அடியிலேயே, பிடிக்க வேண்டும். பறக்கவிட்டுப் பிறகு துரத்துவதற்கு எவ்வளவு பெரிய மோட்டார் வாங்கினாலும் போதாது.

கையில் பிடிக்கும் ஆர்பிட்டல் சாண்டரில் இதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. அடித்தட்டில் துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகத்தான் தூசி உள்ளே போக வேண்டும். தாளை ஒட்டும்போது தாளின் துளையும் தட்டின் துளையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் எல்லா ஏற்பாடும் வீண். எட்டுத் துளைத் தட்டுக்கு எட்டுத் துளைத் தாள் வாங்குங்கள். வலைபோல் நெய்த தாள்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் துளை பொருத்தும் வேலையே இல்லை; பரப்பு முழுவதும் தூசி உள்ளே இழுபடும். விலை கூடுதல்தான், ஆனால் அடைத்துக்கொள்ளாததால் நெடுநாள் உழைக்கும். வலைத்தாளின் அடியில் மெல்லிய இடைத்தட்டு ஒன்றைப் போடுங்கள். இல்லாவிட்டால் அடித்தட்டின் கொக்கிகள் தேய்ந்துபோகும்.

தூசியைப் பிடிப்பதால் வேலையும் அழகாகிறது. பாலிஷ் அடித்த பிறகு சிறு சிறு சுழிக் கீறல்கள் தெரிகின்றன அல்லவா? தாளுக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட துகள் உருண்டு உருண்டு போட்ட கோலம் அது. துகளை உடனுக்குடன் இழுத்துவிட்டால் அந்தக் கீறல் வெகுவாகக் குறையும். ஆனால் உறிஞ்சல் மிகப் பலமாக இருந்தால் சாண்டர் மரத்தோடு ஒட்டிக்கொண்டு சுழல மறுக்கும், அப்போதும் கீறும். குழாயின் கைப்பிடியில் காற்றுத் திறப்பு இருந்தால் அதைச் சற்றே திறந்துவையுங்கள்.

அடுத்தது குழாய். இதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். சாண்டரின் வாய் ஓர் அளவு, வாக்யூம் குழாய் வேறு அளவு. இரண்டையும் டேப் சுற்றி ஒட்டுவார்கள். அரை மணி நேரத்தில் கழன்றுவிடும். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டை வெட்டி இரு முனைகளிலும் இழுத்து மாட்டி, ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள். காற்று கசியாது, கை அசைவுக்கும் வளைந்துகொடுக்கும். குழாயின் விட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே அளவு காற்று ஓடும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 27 மில்லிமீட்டர் குழாயை 36 ஆக்கினால் இழப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நீளம் பாதியானால் இழப்பும் பாதி.

அதற்காக அகலம் கூடக் கூட நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். சுவரோரமாக 4 அங்குல பி.வி.சி. குழாய் பதித்து, அதன் முனையில் வீட்டு வாக்யூமை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மரத்தூள் குழாயில் தங்காமல் ஓட வேண்டுமானால் காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். நம் வாக்யூம் நொடிக்கு 30 லிட்டர் காற்றை இழுத்தால், 4 அங்குலக் குழாயில் அதன் வேகம் 4 மீட்டரைக்கூடத் தொடாது. தூள் வழியிலேயே படுத்துவிடும். 4 அங்குலக் குழாய், பெரிய விசிறியும் பையும் கொண்ட டஸ்ட் கலெக்டருக்கு உரியது. அது குறைந்த இழுவிசையில் நிறையக் காற்றை நகர்த்தும். வாக்யூம் கொஞ்சக் காற்றை மிகுந்த இழுவிசையோடு இழுக்கும். கைச் சாண்டருக்கு வாக்யூம், மேசையில் நிற்கும் பெரிய எந்திரங்களுக்குக் கலெக்டர் என்பது பொதுவான கணக்கு.

மேசையில் நிற்கும் டிஸ்க், பெல்ட் சாண்டர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சொல். 150 மில்லிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 2,850 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தூளும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் தெறிக்கும். அதை இழுத்துத் திருப்ப முடியாது. அது போகும் வழியில் வாயைத் திறந்துவைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மரத்தை எப்போதும் தட்டு கீழ்நோக்கிச் சுழலும் பக்கத்தில்தானே வைக்கிறோம்? அந்தப் பக்கத்து மேசைக்குக் கீழே, தட்டின் கீழ்ப்பாதியை மூடும்படி பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, அதன் அடியில் குழாயை மாட்டுங்கள். எந்திரத்தோடு வந்த சிறிய வாயைவிட இது பல மடங்கு பிடிக்கும். மேசைக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அது தூசிக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

வாக்யூமுக்கு முன்னால் ஒரு சுழல் வாளி அவசியம். கூம்பு வடிவ சைக்ளோன் தனியாக விற்கிறது. அதை 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் மூடியில் பொருத்திவிடலாம். காற்று அதற்குள் சுழலும்போது கனமான துகள் சுவரை ஒட்டிச் சரிந்து வாளியில் விழும். மிகமெல்லிய தூசி மட்டுமே வாக்யூமுக்குப் போகும். இது இல்லாவிட்டால் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும், இழுவிசை படுத்துவிடும், நாமும் வடிகட்டியைக் கழற்றித் தட்டித் தட்டி அந்தத் தூசியையே சுவாசிப்போம். வாளி மூடியில் காற்று கசியக் கூடாது. கீழே மயிரிழை கசிந்தாலும் விழுந்த தூள் மறுபடி மேலே எழும்பிவிடும். ஜன்னலுக்கு ஒட்டும் நுரை நாடாவை மூடியின் விளிம்பில் ஒட்டுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் வாளி உள்நோக்கி நசுங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வாளிகளைச் செருகிவிட்டால் அந்தத் தொல்லை குறையும். முக்கால் நிரம்பும் முன்பே கொட்டிவிடுங்கள்.

வாக்யூமுக்குள் இருக்கும் நுரைப் பஞ்சு வடிகட்டியை நம்ப வேண்டாம். காகிதப் பையும் ஹெப்பா வடிகட்டியும் போட்டாக வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பதைத்தான் ஹெப்பா என்பார்கள். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. அவர்கள் சூடாக்கிய காற்றை வெளியே விட மனம் வராமல் வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. சாண்டர் ஓடும்போது எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, எதிர்ச்சுவர் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாம் நிற்குமிடம் ஜன்னல் பக்கமாக, தூசி போகுமிடம் விசிறிப் பக்கமாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுச் சமையலறை அந்தத் திசையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வைக்குமிடத்துக்கு வருகிறேன். இவ்வளவு சொன்னதும் உங்களில் பலருக்குத் தெரிந்ததாகவே இருக்கும். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? சாண்டர் அலமாரியின் மேல்தட்டில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது. வாக்யூம் மாடிப்படிக்கு அடியில். இணைப்புத் துண்டு எந்த டப்பாவில் என்று நினைவில்லை. உப்புத்தாள் இன்னோர் இடத்தில். ஒரு விளிம்பை இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும் என்றால், இவ்வளவையும் யார் எடுத்து மாட்டுவார்கள்? சும்மா தேய்த்துவிடுவோம் என்றுதான் கை போகும். அப்படி நூறு முறை சும்மா தேய்த்ததுதான் நம் நெஞ்சுக்குள் இருக்கிறது. ஆகவே சாண்டரும் வாக்யூமும் எப்போதும் மாட்டியபடியே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே கருவி என்று கொண்டு, அந்த ஒரு கருவிக்கு ஓர் இடம் செய்ய வேண்டும்.

என் யோசனை ஒரு தள்ளுவண்டி. 19 மில்லிமீட்டர் பிளைவுட்டில் அடித்தட்டு, நான்கு சக்கரம், அவற்றில் இரண்டு பூட்டு உள்ளவை. கீழ்த்தளத்தில் வாக்யூமும் அதன் பக்கத்தில் சுழல் வாளியும். முழங்கை உயரத்தில் மேல்தட்டு. அதன் ஓரத்தில் சாண்டரின் கழுத்து உட்காரும் அளவுக்கு ஒரு வளைவை வெட்டி, சாண்டரின் அடித்தட்டு காற்றில் தொங்கும்படி அதை வைப்பது. அடித்தட்டின்மேல் எடையை வைத்தே நிறுத்தினால் அதிலுள்ள நுரை ஒரு பக்கமாக அமுங்கிவிடும், பிறகு சாண்டர் அதிரும். குழாய்க்குப் பெரிய வளைவாகச் சுற்றும்படி அகலமான கொக்கி. நடுவில் ஆழமில்லாத இழுப்பறைகள், தாளின் எண்ணுக்கு ஒன்றாக. வாக்யூமைச் சத்தத்துக்காகப் பெட்டிக்குள் மூடுகிறவர்கள், அது விடும் காற்று வெளியே போக அதன் வாயைவிடப் பெரிய திறப்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் வெந்துவிடும்.

மின்சாரத்தையும் இந்த வண்டியிலேயே யோசித்துவிடுங்கள். சாண்டர் 300 வாட், வாக்யூம் 1,200 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து ஆறரை ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் இதை மாட்டக் கூடாது. 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து தடித்த வயரில் ஒரு பலகை எடுத்து, ஒரே சுவிட்சில் இரண்டும் ஓடும்படி வைத்தால், வாக்யூமைப் போட மறந்தேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உப்புத்தாளுக்கும் பெல்ட்டுக்கும் ஈரம்தான் பகை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலம் வந்தால் தாள் சுருளும், பெல்ட்டின் இணைப்பு விட்டுப்போகும். தாள்களைப் படுக்கையாக, மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பெல்ட்டை ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். அந்த மடிப்பில்தான் பிறகு அறும். 4 அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டைச் சுவரில் பதித்து அதில் தொங்கவிடுங்கள். அடைத்துக்கொண்ட பெல்ட்டை எறிந்துவிடாதீர்கள். கிரேப் ரப்பர் கட்டியை ஓடும் பெல்ட்டில் மெல்ல அழுத்தினால் பிசினும் தூளும் கழன்றுவரும்.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் இறங்க முடியாது. மரம் தேய்த்த எந்திரத்தில் இரும்பைத் தேய்க்காதீர்கள். பொறி குழாய் வழியே போய்த் தூள் வாளிக்குள் விழுந்தால் உள்ளேயே கனன்றுகொண்டிருந்து, நாம் உறங்கும்போது எரியும். இரும்பைத் தேய்க்க வேண்டுமானால் குழாயைக் கழற்றி, பெட்டியைத் துடைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் பூசியதைத் தேய்த்த தூள் குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அன்றன்றைக்கே வெளியே கொண்டுபோய், தண்ணீர் விட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

பழைய கதவு, ஜன்னல்களைத் தேய்க்கிறவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் எதையும் ஈயம் கலந்ததாகவே கருதுங்கள். அதைச் சாண்டரால் தொடவே வேண்டாம். வாட்டர் பேப்பரை நனைத்துக் கையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்யும் கேட்டைத் திருப்ப முடியாது.

ஏற்பாடு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சாண்டரை ஓடவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு டார்ச் ஒளியைப் பாய்ச்சச் சொல்லுங்கள். பகலில் தெரியாத தூசி அந்த ஒளிக்கற்றையில் புகையாகத் தெரியும். எங்கே கசிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் வாங்குவது? முதலில் என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 முகக்கவசம். அது முகத்தோடு பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. துணிக் கவசமும் கைக்குட்டையும் இந்தத் தூசிக்குக் கணக்கில்லை. அடுத்து, துளை பொருந்திய தாளும் கசியாத இணைப்பும். பிறகு ஹெப்பா, பிறகு சுழல் வாளி. வண்டியை மிச்சம் விழுந்த பிளைவுட்டிலேயே செய்துகொள்ளலாம். எவ்வளவு ஏற்பாடு இருந்தாலும் கவசத்தை விட வேண்டாம். சாண்டரை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அது முகத்திலேயே இருக்கட்டும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். நமக்கு இது விருப்பத்துக்குச் செய்யும் வேலை. தூசி பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாம். நம் வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் பாலிஷ் போட வருகிறாரே, அவருக்கு அப்படி அல்ல. காலையிலிருந்து மாலைவரை, ஆண்டு முழுவதும், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அவர் தேய்க்கிறார். ஹை விக்கம் தொழிலாளியின் இடத்தில் இன்று நிற்பவர் அவர்தான். அடுத்த முறை அவர் வரும்போது உங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். கூலி பேசும்போதே அவருக்கும் அவருடைய கையாளுக்கும் நல்ல முகக்கவசம் வாங்கும் பணத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.